ஆக்சிஜனுக்கு நேர்மின்சுமையா?

வணக்கம் ஐயா,

முறைசார் மின்சுமை (பிணைப்பு எலக்ட்ரான்களைச் சமமாகப் பங்கிட்டால் ஓர் அணுவுக்குக் கணக்கில் வரும் மின்சுமை) சுழியாக இருந்தால் மூலக்கூறு நிலையானது என்று படித்தேன். கார்பன் மோனாக்சைடுக்குக் கணக்குப் போட்டால் கார்பனில் −1, ஆக்சிஜனில் +1 வருகிறது. எலக்ட்ரானை விடாமல் இழுக்கும் ஆக்சிஜனுக்கு நேர்மின்சுமையா? இது உடைந்துபோயிருக்க வேண்டாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கணக்கு சரி. நீங்கள் படித்த வாக்கியம்தான் அரைகுறை. ஒரே மூலக்கூறுக்குப் பல லூயிஸ் வடிவங்கள் (எலக்ட்ரான்களையும் பிணைப்புகளையும் புள்ளி, கோடுகளால் காட்டும் படங்கள்) வரைய முடியும்போது எதற்கு முதலிடம் என்று பார்க்கவே அந்த விதி. வெவ்வேறு மூலக்கூறுகளுக்கு உறுதிச் சான்றிதழ் வழங்க அதற்கு உரிமையில்லை. நைட்ரிக் ஆக்சைடில் இரு அணுக்களுக்கும் சுழிதான். காற்றுப் பட்டதும் அது பழுப்பாக மாறிவிடுகிறது.

கார்பன் மோனாக்சைடின் முப்பிணைப்பில் 6 எலக்ட்ரான்கள். ஆளுக்கு 3 என்று பிரித்து, ஒவ்வொருவரிடமும் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனித்த ஜோடியின் 2ஐச் சேர்த்தால் இருவருக்கும் 5. கார்பன் கொண்டுவந்தது 4, ஆக்சிஜன் கொண்டுவந்தது 6. உங்கள் −1, +1 அப்படி வந்தவை. ஆனால் ஆக்சிஜன் சமபங்குக்கு ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லையே! பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காகிதத்தில் காட்டிய நஷ்டத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. முழு மின்சுமைகள் பிரிந்திருந்தால் அந்தப் பிரிவை அளக்கும் இருமுனைத் திருப்புத்திறன் ஏறத்தாழ 5.4 டிபை (அதன் அலகு) இருக்க வேண்டும்; அளந்தால் கிடைப்பது 0.11தான். அந்த மிச்சத்திலும் எதிர்மின் முனை கார்பன் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இரட்டைப் பிணைப்பு வரைந்தால் இரண்டுக்கும் சுழி வரும். ஆனால் கார்பனைச் சுற்றி 6 எலக்ட்ரான்களே இருக்கும். அணுவைச் சுற்றி 8 எலக்ட்ரான்கள் வேண்டும் என்ற எண்ம விதி நிறைவேறாது. இங்கே எண்மத்துக்கே முன்னுரிமை. அந்த முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 1072 கிலோஜூல் வேண்டும்; நைட்ரஜனின் முப்பிணைப்புக்குக்கூட 945 போதும்.

அதற்காக முறைசார் மின்சுமையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சயனேட், ஃபல்மினேட் என்ற இரு அயனிகளிலும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்ற அதே மூன்று அணுக்கள்தான், வரிசை வேறு. சயனேட்டில் கார்பன் நடுவில். எதிர்மின்சுமையை ஆக்சிஜனோ நைட்ரஜனோ ஏற்கிறது. ஃபல்மினேட்டில் நைட்ரஜன் நடுவில் +1 உடன் நிற்க, இருபுறமும் கார்பனும் ஆக்சிஜனும் −1 உடன் நிற்கின்றன. அணுக்கள் ஒன்றாக இருப்பதால் இங்கே ஒப்பீடு செல்லும்: சயனேட் அமைதியானது, பாதரச ஃபல்மினேட் ஓர் அடியில் வெடிக்கும். வெடித்தபின் மிஞ்சுபவை பாதரசம், நைட்ரஜன், பிறகு நீங்கள் உடைந்துபோகும் என்று பயந்த அதே கார்பன் மோனாக்சைடு.