ஓடாமல் கிடக்கும் சைனா பைக்கை வாங்கிச் சரி செய்து ஓட்டலாமா?

தான்சானியாவுக்கு வேலைக்குப் போகிறீர்கள், அங்கே இரண்டு வருடமாக ஓடாமல் நிற்கும் 125 சிசி சைனா பைக் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினில் உயிர் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். தார் எஸ் சலாமில் இருந்தபோது அப்படி ஒரு வண்டியை எழுப்பி மூன்று வருடம் ஓட்டினேன்.

டாங்கில் ஒட்டியிருக்கும் பெயரை விட்டுவிடுங்கள். எஞ்சினில் என்ன அடித்திருக்கிறது என்று பாருங்கள். என் வண்டியில் 156எஃப்எம்ஐ என்று இருந்தது. ஒரு சிலிண்டர், 56 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), காற்றில் குளிர்வது, மோட்டார்சைக்கிள், 125 சிசி வகை என்று அதற்குப் பொருள். அங்கே ஓடும் சைனா வண்டிகளில் பல, 1976ல் வந்த ஹோண்டா சிஜி125இன் நகல்கள். ஓட்டுபவர்கள் சரியாகக் கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே, டைமிங் செயின் இல்லாமல், வால்வைத் திறக்கப் புஷ்ராடு என்ற தள்ளுகம்பி வைத்து ஹோண்டா செய்த எஞ்சின் அது. லேசில் சாகாது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கிக்கரை உதையுங்கள். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது. என் வண்டியைப் பார்த்த ஃபுண்டி (அங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வார்கள்) எஞ்சினைப் பிரித்து போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்றார். நான் சம்மதிக்கவில்லை. முதலில் கார்புரேட்டரைக் கழற்றினேன். பழைய பெட்ரோல் பிசினாகி, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஓட்டை அடியோடு அடைபட்டிருந்தது. மெல்லிய செம்புக் கம்பி இழையை மெதுவாக விட்டு எடுத்தேன். ஊசியை விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். டாங்கின் துருவையும் கழுவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் மறுபடி அடைக்கும்.

வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐட்லிங்கில் நிற்கவில்லை. அப்புறம் டேப்பெட்டை (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடும் இடைவெளியை) பார்த்தால் இடைவெளியே இல்லை. வால்வு அமரும் இடம் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். பெரிய வேலை என்று ஃபுண்டி சொன்னதற்குக் காரணம் இவ்வளவுதான். எஞ்சின் முழுதாக ஆறியபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இரண்டு வால்வுக்கும் 0.08 மில்லிமீட்டர் வைத்தேன். அரை மணி நேர வேலை. எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் யாரிடமும் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது, ஒரு வலையும், சுழற்சியில் அழுக்கைப் பிரிக்கும் ஒரு கிண்ணமும்தான். பிடிப்பதும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் புழுதியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினேன்.

இந்த வண்டிகளின் உண்மையான பலவீனம் வயரிங்தான். நடுவழியில் நின்றால் சிடிஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பும் மின்பெட்டி) மேல் பழி போடுமுன் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பாருங்கள், எர்த் கம்பியைச் சுரண்டி இறுக்குங்கள். பாகங்களுக்குக் கவலை இல்லை, தார் எஸ் சலாமின் கரியாக்கோ சந்தைப் பகுதியில் எல்லாம் கிடைக்கும். கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். பேரிங்கில் பொறித்த எண்ணைச் சொன்னாலே போதும், அது உலகம் முழுக்க ஒன்றுதான்.

சேசிஸ் வெல்டிங்கில் விரிசல் இருந்தால், எஞ்சின் அடியில் தட்டும் சத்தம் கேட்டால், பதிவு அட்டை இல்லாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

எல்லாம் முடிந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் எஞ்சின் போல்ட், அச்சு நட்டு, ஸ்போக் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். என் வண்டியில் பின்சக்கர நட்டே இரண்டு சுற்று தளர்ந்திருந்தது.