கிட்டிடமே கேளுங்கள்

கேள்வி: ப்ராஜெக்டை ஜிப் செய்து அனுப்பப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி) எவற்றை ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பைப் படித்து, வேண்டாதவற்றை அதுவே ஒதுக்கும். 180 வரி ஆகிவிட்டது. ஆனாலும் கிட் ஒதுக்கும் சில கோப்புகள் ஜிப்புக்குள் வந்துவிடுகின்றன. சக ஊழியர் ஓட்டியபோது அவருடைய கடவுச்சொல் கோப்பும் போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் அனுப்பிய நிரலைப் படித்தேன். நட்சத்திரக் குறிகளைச் சரியாகவே கையாண்டிருக்கிறீர்கள். சிக்கல், 'இதை ஒதுக்காதே' என்று சொல்லும் ஆச்சரியக்குறியில். 'லாக்ஸ்/' என்று ஒரு வரி, அதன் கீழே '!லாக்ஸ்/குறிப்பு' என்று இன்னொரு வரி. கடைசியில் பொருந்தும் வரியே செல்லும் என்று உங்கள் நிரல் அந்தக் கோப்பைச் சேர்த்துக்கொள்கிறது. கிட் சேர்க்காது. ஃபோல்டரே ஒதுக்கப்பட்டுவிட்டால் அதற்குள் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபோல்டரை விட்டு, உள்ளே இருப்பவற்றை மட்டும் ஒதுக்கும் 'லாக்ஸ்/*' என்று எழுதியிருந்தால்தான் குறிப்பு தப்பும்.

இதைத் திருத்திவிடலாம். ஆனால் கடவுச்சொல் கோப்பு? பலர் தங்களுக்கு மட்டுமான விதிகளை '.கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்' கோப்பிலோ, கணினி முழுவதற்குமான இக்னோர் கோப்பிலோ வைப்பார்கள். உங்கள் நிரல் அந்த இரண்டையும் திறப்பதே இல்லை. நானும் ஒரு முறை இதே வேலையில் இறங்கி இரண்டு வாரம் செலவழித்தேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: அந்த 180 வரியை விட்டுவிடுங்கள். ஜிப்பில் சேர்க்க வேண்டிய கோப்புகளின் பட்டியலைக் கிட் தானே தரும்:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --கேஷ்ட் --அதர்ஸ் --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட் -இசட்

கடைசியில் உள்ள '-இசட்' முக்கியம். அது இல்லாவிட்டால், தமிழில் பெயர் வைத்த கோப்பு '\340\256' என்று எண்களாக வந்து நிற்கும். இருந்தால் பெயர் அப்படியே வரும். பெயர்களுக்கு இடையே சுழிய பைட் இருக்கும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்கள் நீக்கிவிட்டு, அதை இன்னும் 'கிட் ஆட்' கொடுத்துக் கிட்டிடம் தெரிவிக்காத கோப்புகளும் பட்டியலில் வரும். ஜிப்பில் சேர்க்கும் முன் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கோப்பு ஏன் வரவில்லை என்று புரியாவிட்டால் 'கிட் செக்-இக்னோர் -வி' என்று எழுதி, பின்னால் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி அதை ஒதுக்கியது என்று காட்டும்.

முதல் வேலையாக, சக ஊழியரிடம் சொல்லி அந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றச் சொல்லுங்கள். நிரலை நாளை திருத்தலாம்.