மா விளைச்சல் பொய்த்த ஆண்டில் எப்படித் திடன்கொள்வது?

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், விளைச்சலும் விலையும் கைவிட்ட நிலையில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார். 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்று இயேசு யோவான் 16:33-இல் மறைக்காமல் சொன்னார். 'ஆனாலும் திடன்கொள்ளுங்கள்' என்பது அதன் பிறகே வருகிறது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று பாடிய பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆபகூக், தம் பெயரிலுள்ள அதே நூலின் தொடக்கத்தில் 'எதுவரைக்கும்' என்று கடவுளிடம் முறையிட்டவர்தான் (இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்). எனவே முதலில் உங்கள் மனக்குறையை ஜெபத்தில் அப்படியே சொல்லுங்கள். பிறகு, மத்தேயு 6:34 கற்பிப்பதுபோல நாளைய கவலையை நாளைக்கு விட்டுவிட்டு, மரங்களைக் கவாத்து செய்வதோ (கிளைகளை வெட்டிச் சீராக்குவதோ) கடன் தவணைக்காக வங்கியில் பேசுவதோ, இன்று இயன்ற ஒன்றைச் செய்யுங்கள். சபையில் ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லுங்கள்; ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கலாத்தியர் 6:2 சபையாருக்கும் கட்டளையிடுகிறது.