நமத்துப்போன பட்டாசு

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் புதிய பொருள் அறிமுக விழா எடுபடவில்லை. லண்டன் மேலாளர் அதை 'டேம்ப் ஸ்க்விப்' என்றார். என் காதில் 'ஸ்க்விட்' என்று விழ, கணவாய் மீன் எங்கே வந்தது என்று விழித்தேன். விளக்குவீர்களா?
- வாசகி, கோவை

பதில்: வெட்கப்படாதீர்கள் அம்மா. ஆங்கிலேயர்களிலேயே பலர் அதை 'ஸ்க்விட்' என்றுதான் சொல்கிறார்கள். 'ஸ்க்விப்' என்பது சின்ன வெடி. ஈரம் பட்டால் வெடிக்காது. நாம் 'புஸ்வாணமாகிவிட்டது' என்கிறோமே, அதேதான். பெரிதாக எதிர்பார்த்த ஒன்று சப்பென்று போனால் மட்டுமே இதைச் சொல்லுங்கள். உழைத்தும் பலனில்லை என்றால் இது பொருந்தாது.

அதற்கு 'ஃப்ளாகிங் எ டெட் ஹார்ஸ்' இருக்கிறது: செத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பது. இதை மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள், சுருக்கென்று தைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாஸில்'. டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாஸிலிலிருந்துதான் பல நூற்றாண்டுகளாக லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி போனது. அந்த ஊருக்கே நிலக்கரி கொண்டுபோனால்? முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். வகுப்பில் இதை விளக்கத் திணறிய முதல் நாள், என் பாட்டி சொல்லும் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுவரை புரிந்துவிட்டது. எந்த ஆங்கில மரபுத்தொடரையும் இப்படி நம் பேச்சில் ஒரு இணை தேடிப் படியுங்கள், மறக்கவே மறக்காது.