கடும் வெப்பமும் மனித உடலும்: உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தொழிலாளர் உடல்நலத் துறையில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில், வெப்பம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதிலளித்திருக்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருவொற்றியூர்): ராஜஸ்தானில் 45 டிகிரியிலும் மக்கள் நடமாடுகிறார்கள். இங்கே 35 டிகிரியிலேயே புழுக்கம் தாங்க முடியவில்லை. நமக்குத்தான் உடல் வலு குறைந்துவிட்டதா, டாக்டர்?

பதில்: உங்கள் உடல் சரியாகத்தான் உணர்கிறது. காற்றின் சூடு தோலின் சூட்டை எட்டிவிட்ட பிறகு, உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை உலர்வதைத் தவிர வேறு வழியில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்தோடும். அதனால் நீரும் உப்பும் நட்டமாகுமே தவிர, குளிர்ச்சி கிடைக்காது. வெப்பமானியின் குமிழில் நனைத்த துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால், நீர் எந்த அளவுக்கு ஆவியாகிறதோ அந்த அளவுக்கு அது காட்டும் எண் இறங்கும். இதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. 45 டிகிரியும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள பாலைவன நண்பகலில் அது ஏறக்குறைய 24தான். 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரத்தில் ஏறக்குறைய 30.

இந்த அளவு 35ஐத் தொட்டால், நிழலில் சும்மா அமர்ந்திருப்பவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆனால் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனைகளில், ஈரமான சூழலில் 31ஐ ஒட்டியே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறத் தொடங்கியது. வறண்ட சூழலில் அந்த எல்லை இன்னும் கீழே இருந்தது. ஆகவே ராஜஸ்தான் வெயிலையும் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி (தென்காசி): அக்னி நட்சத்திரம் தாத்தா காலத்திலும் இருந்ததுதானே? வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குக் காலநிலை மாற்றம் என்று பெயர் சூட்டுகிறார்களோ?

பதில்: ஏற்ற இறக்கம் என்றும் உண்டு, பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் உலகம் கூடுதலாகச் சூடேறுவதும் உண்மை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் நிகழும் அடித்தளமே இப்போது உயர்ந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்துச் சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம். சராசரி இவ்வளவு உயரும்போது, முன்பு அரிதாக இருந்த உச்சங்கள் அடிக்கடி வரத் தொடங்குகின்றன. முன்பு அறவே வந்திராத உச்சங்களும் வருகின்றன.

கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரைப் பாருங்கள். அதுவரை அந்நாட்டின் உச்ச வெப்பம் 1937இல் பதிவான 45 டிகிரி. 84 ஆண்டுகள் முறியாமல் நின்ற அந்த எண் 2021 ஜூன் இறுதியில் லிட்டனில் அடுத்தடுத்த நாட்களில் முறிந்து, ஜூன் 29 அன்று 49.6 டிகிரியை எட்டியது. மறுநாளே காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. மனிதர் வெளியேற்றிய வாயுக்கள் உள்ள உலகையும் இல்லாத உலகையும் கணினியில் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அந்த வாயுக்கள் இல்லாமல் இப்படி ஒரு வெப்ப அலை நேர்ந்திருக்க அநேகமாக வாய்ப்பே இல்லை என்ற முடிவுக்கு வந்தனர்.

கேள்வி (கோயம்புத்தூர்): வெப்பத்தால் இறந்தவர்கள் என்று செய்திகளில் வரும் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருக்கிறதே?

பதில்: நான் மிகவும் வருந்தும் விஷயம் இது. வெயிலில் மயங்கி விழுந்து இறந்தவரை மட்டுமே நாம் வெப்பத்துக்குப் பலியானவராகக் கணக்கில் எடுக்கிறோம். இருதய நோயுள்ள பாட்டி, மூன்று இரவுகள் அனல் தணியாத தகரக் கூரை வீட்டில் தூக்கமின்றிக் கிடந்து நான்காம் நாள் இறந்தால், இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மேற்சொன்ன வெப்ப அலையில் இறந்ததாக மரண விசாரணை அலுவலகம் உறுதிசெய்த 619 பேரில் கிட்டத்தட்ட அனைவருமே கூரைக்குக் கீழேதான் இறந்தார்கள். பலர் தனியாக வசித்த முதியவர்கள்.

எனவே, வழக்கமாக அந்தக் காலத்தில் நிகழும் இறப்புகளைவிட எத்தனை கூடுதல் என்று பார்ப்பதே சரியான முறை. அப்படிப் பார்த்ததால்தான் 2003 கோடையில் ஐரோப்பா 70,000க்கும் மேற்பட்டோரை இழந்தது தெரியவந்தது. அகமதாபாத்தில் 46.8 டிகிரி பதிவான 2010 மே மாதத்தில் 1,300க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் நிகழ்ந்ததும் இந்த முறையில்தான் வெளிப்பட்டது. அந்தக் கணக்கு அந்நகரை உலுக்கியது. 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது: முன்னெச்சரிக்கை, குடிநீர்ப் பந்தல்கள், மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி என எல்லாமே எளிய ஏற்பாடுகள்தாம். அதன் பயனாக ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்கிறேன். ஆனால் மாரடைப்பு என்று எழுதப்பட்ட பாட்டியின் குடும்பத்துக்கு அந்த நிவாரணம் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி (தோகா, கத்தார்): கட்டுமான வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். மதிய வேலைத் தடை மட்டும் போதுமா?

பதில்: கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது 2021இல் வந்த விதி. அது உங்கள் உரிமை. ஆனால் வளைகுடாவின் ஈரக்காற்று அந்த நேரத்துக்கு வெளியேயும் ஆபத்தானது. புதிதாக வந்தவருக்கு முதல் வாரமே மிகவும் கடினம், ஏனெனில் உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். முதல் நாளில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வெயிலில் செய்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு முறை ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்று வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எல் சல்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகி இறந்திருக்கிறார்கள். கடும் வெப்பத்தில் ஓய்வின்றி உழைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஊருக்குப் பணம் அனுப்பும் அவசரத்தில் ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (காயல்பட்டினம்): வெயில் கூடினால் வறட்சிதானே வர வேண்டும்? வெள்ளமும் ஏன் கூடுகிறது?

பதில்: காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அது நிலத்திலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். மழையாக இறங்கும்போது ஒரேயடியாகக் கொட்டும். 2023 டிசம்பரில் உங்கள் ஊரில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டரை அப்படியே காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அத்தகைய மழைக்கான வாய்ப்பு கூடிவருகிறது.

கேள்வி (வேலூர்): வெயிலில் விழுந்தவர் மீது தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வந்துவிடும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஜன்னி வரும் என்ற பயத்தால் பல உயிர்கள் போயிருக்கின்றன. உடல் கொதித்து, பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் போனால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). ஒவ்வொரு நிமிடமும் மூளை பாதிக்கப்படுகிறது. 108ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஆடைகளைத் தளர்த்தி, கிடைக்கும் தண்ணீரை எல்லாம் உடல் முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.