1215இல் நம் ஆற்றங்கரையை ஆண்டது யார்?

தம்பி, உங்கள் கேள்வியை ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் லண்டனிலிருந்து கிளம்பி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. உங்களுக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் என்று பார்த்ததும் இன்றைக்கே பதில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் கேட்டது இரண்டு. பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பதற்கு முன் எழுத வேண்டிய 'லைஃப் இன் த யூகே' தேர்வுக்குப் படிக்கிறீர்கள். ராஜாக்களும் ஆண்டுகளும் மனதில் நிற்கவில்லை, மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதுமா என்பது ஒன்று. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒருவர், "உங்கள் நாட்டில் குடியரசுத் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெண்களுக்கு எப்போது ஓட்டு வந்தது?" என்று கேட்க, பதில் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டீர்கள் என்பது இன்னொன்று. அதை ஒரே வரியில் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. சரி, முதலில் தேர்வை முடித்துவிடுவோம்.

தேர்வு கடினமில்லை. 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. எல்லாமே அரசு வெளியிட்டிருக்கும் கையேட்டிலிருந்துதான் வரும். செயலிகளில் கேள்வி பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டுவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை ஒரு கதை போல முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். தவறினால் 7 நாள் கழித்து மறுபடி பணம் கட்டி எழுதலாம். ஒருமுறை தேறினால் அது காலாவதி ஆவதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயர், நீங்கள் கொண்டு போகும் அடையாள ஆவணத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்திருக்கும், இன்னொரு இடத்தில் சுருங்கியிருக்கும். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

இனி ஆண்டுகள். நான் 2014இல் எழுதியபோது எனக்கும் இதே சிக்கல்தான். 1066, 1215, 1620, 1832 என்று எண்கள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றும் ஒட்டவில்லை. அப்புறம்தான் காரணம் புரிந்தது. அந்த எண்களைப் பிடித்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. நம் பக்கத்து ஆண்டு ஒன்று தெரிந்திருந்தால் அதோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். அதுவும் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன்.

1066இல் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைப் பிடிக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக் கண்டது 1010. வில்லியமின் ஆட்களான நார்மன்கள் கப்பல் ஏறும்போது நம் பெரிய கோயிலுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இன்னும் நான்கு வருடத்தில், 1070இல், முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணைக்கு வருகிறான். 1215, மாக்னா கார்ட்டா. அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று பிரபுக்கள் ஜான் மன்னரிடம் முத்திரை வாங்கிய வருடம். அப்போது காவிரிக் கரையில் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலைக் கட்டியவன். திருபுவனத்துப் பட்டு தெரியும், கோயிலைக் கட்டியவனை எனக்கு அந்தத் தேர்வு வரைக்கும் தெரியாது.

1620 இன்னும் பிடிக்கும். மதச் சுதந்திரம் தேடி மேஃப்ளவர் கப்பலில் ஒரு கூட்டம் அமெரிக்காவுக்குப் போன வருடம் அது. அதே 1620இல்தான் டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில் இறங்கிக் கோட்டை கட்டினார்கள். அந்த ஊரை 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1832, ஓட்டுரிமையை விரிவாக்கிய சீர்திருத்தச் சட்டம். அதே வருடம் மார்ச்சில் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி காலமானார். அவர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தச் சட்டம் நினைவுக்கு வரும். இப்படி முடிச்சுப் போட்ட பிறகு ஒரு எண்கூட நழுவவில்லை. 24க்கு 23 வாங்கினேன்.

இனி உங்கள் சாப்பாட்டு மேசைக் கேள்விக்கு வருகிறேன். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும். டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களுக்கும் அந்த உரிமை உண்டு. நியமன உறுப்பினர்களுக்கு இதில் ஓட்டு இல்லை. ஒவ்வொரு மாநில எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது, 1971 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் ஓட்டு 176.

பெண்கள் ஓட்டைப் பற்றி அந்த மேசையில் நீங்கள் தலை நிமிர்ந்து பேசியிருக்கலாம் தம்பி. பிரிட்டனில் 1918இல் 30 வயது தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆண்களுக்கு இணையாக 21 வயதில் கிடைக்க 1928 வரை காத்திருந்தார்கள். நம் நாட்டில் குடியரசாகி நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, 1951-52இல், 21 வயதான எல்லா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சமமான ஓட்டு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றோ சொத்து வேண்டும் என்றோ கேட்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு வலி உண்டு. தன் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போனது. பெரும்பாலும் வடமாநிலங்களில். எங்கள் அப்பாயி தன் சொந்தப் பெயரில் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர் உயிரோடு இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. கேட்டிருப்பேன்.

நேற்று மாலை இதே திண்ணையில் வீட்டு ஆட்களிடம் அந்தக் கையேட்டுப் பாணியில் நம் நாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பார்த்தேன். அண்ணன் மகன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். பஞ்சாயத்து ராஜ் எந்த அரசியலமைப்புத் திருத்தம் என்றால் 73, நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24 என்று மூச்சுவிடாமல் சொல்கிறான். நம் ஊரில் கடைசியாகக் கிராம சபை எப்போது நடந்தது என்று கேட்டேன். தெரியவில்லை. எதிர்வீட்டு அத்தை வார்டு உறுப்பினராக இருந்தவர். திருத்த எண் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாளையும் விரல் மடக்கிச் சொன்னார். "தீர்மானத்தை நோட்டுல எழுதுற வரைக்கும் நான் எந்திரிச்சு வந்ததில்ல" என்றார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் செய்தது. அதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்குதான். இந்த இரண்டு பேர் அறிவும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பெரியப்பாவுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதற்கு முன் நடுவர் மன்றம் 2007இல் சொன்னது 192, அதற்கெல்லாம் முன்னால் மைசூரும் சென்னையும் போட்ட 1924 ஒப்பந்தம், எல்லாம் அவர் நாக்கு நுனியில். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, உங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பு என்னும் பிரிப்பு மதகில் பிரிந்து எங்கள் கடைமடைக்கு என்றைக்கு வரும், எந்த மதகுக்கு மதகைத் திறந்து மூடும் எந்த லஸ்கரிடம் சொல்ல வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவை எப்படி எழுத வேண்டும் என்பது வரை சொல்கிறார். குடிமையியல் என்று பாடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அது இதுதான். குறுவை பிழைப்பதும் கருகுவதும் அந்த அறிவில் பாதி இருக்கிறது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம். 1995இல் வாங்கிய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நாகப்பட்டினம் மாவட்டம், ஏனென்றால் 1991இல் பிரித்தார்கள். பாஸ்போர்ட்டில் திருவாரூர், அது 1997இல் வந்தது. வீடு நகரவே இல்லை. பிரிட்டனில் விண்ணப்பம் நிரப்பும்போது மூன்றும் ஏன் வேறு வேறு என்று கேட்டார்கள். ஆண்டுகளோடு விளக்கி ஒரு தாள் எழுதி இணைத்தேன். உங்கள் ஆவணங்களையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

போன வாரம் பிள்ளைகளை வேதாரண்யம் அழைத்துப் போனேன். அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. சின்ன வயதில் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். யாரும் நிறுத்திச் சொன்னதில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்குகிறார். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், உங்கள் நீடாமங்கலம், மன்னார்குடி, எங்கள் திருத்துறைப்பூண்டி, கடைசியில் வேதாரண்யம். அப்போது தஞ்சைக் கலெக்டராக இருந்த தார்ன், நடப்பவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயருக்கு ஆறு மாதத் தண்டனை கிடைத்தது. நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று யாரைப் பிடிப்பது? ஏப்ரல் 30 அன்று உப்பை அள்ளினார்கள். என் மகள் அந்தத் தூணுக்கு முன்னால் நின்று, "இது ஏம்மா அந்தப் புத்தகத்துல இல்ல?" என்றாள். அந்தக் கையேட்டில் நம் விடுதலை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அதை அவர்கள் எழுதித் தரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன்.

பெருமைப்பட மட்டும் படிக்காதீர்கள். அதே பயணத்தில் கீழ்வெண்மணிக்கும் போனோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தலித் மக்கள். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரம். என் பள்ளிக் காலம் முழுக்க ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. வேறு நாட்டுக்காரர் சாதியைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் மழுப்புகிறோம். மழுப்ப வேண்டாம். தெரிந்துகொண்டு நேராகச் சொல்லுங்கள்.

நம் நாட்டுக்கு விடுதலை எப்போது என்று கேட்டால் 1947 என்போம். காரைக்காலில் இருக்கும் எங்கள் சித்தி வீட்டில் கேட்டால் 1954 நவம்பர் 1 என்பார்கள். அது வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படி முழுதாக வந்து சேர்ந்தது 1962இல்தான். டெல்டாவுக்குள்ளேயே இரண்டு விடுதலை நாள்.

இன்னொன்று, உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது. நீங்கள் இந்தியக் குடிமகனாக இருக்கும்போதே பிரிட்டனில் ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் நாட்டவர் முறையான அனுமதியோடு வசித்தால் அங்கே பொதுத்தேர்தலிலும் வாக்காளர். பலர் இது தெரியாமலே வருடக்கணக்கில் இருக்கிறார்கள், பதிவு செய்யுங்கள். இங்கேயும் உங்கள் உரிமை போகவில்லை. 2010இல் சட்டம் திருத்திய பிறகு, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் 6ஏ படிவம் கொடுத்து சொந்த ஊர்ப் பட்டியலில் சேரலாம். ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும், ஆனால் அதில் ஓட்டு கிடையாது, நன்செய் புன்செய் எதுவும் விலைக்கு வாங்கவும் முடியாது. நான் 2016இல் ஒப்படைத்தேன். பிள்ளைகளுக்காக எடுத்த முடிவு, வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா ஓட்டுச்சாவடிக்குப் போகும் நாளில் லண்டனில் எனக்கு வேலை ஓடாது.

கையேட்டைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அவர்கள் ஆண்டு, வலது பக்கம் நம் ஆண்டு. வலது பக்கத்தில் காலியாக இருக்கும் இடங்களை அப்பாவிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் போனில் கேட்டு நிரப்புங்கள். எனக்கும் ஓர் உதவி வேண்டும். 1930இல் நீடாமங்கலம் வழியாக அந்தக் குழு நடந்தபோது எந்தத் தெருவில் தங்கினார்கள், யார் வீட்டுச் சோறு மரத்தில் தொங்கியது என்று அங்கே யாருக்காவது தாத்தா பாட்டி சொல்லிய நினைவு இருக்கிறதா? கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது மகளை அங்கேயும் அழைத்துப் போக வேண்டும்.