டாலர் எங்கே போகும் என்பதை விடுங்கள், உங்கள் பில்லை எடுங்கள்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். வெங்காயம், பருப்பு, மிளகாய் எல்லாம் இந்தியச் சரக்கு, பணம் டாலரில் கட்டுகிறேன். வரும் ஆண்டில் உலக நிலவரம் எப்படி இருக்கும்? இப்போதே டாலர் வாங்கி வைக்கலாமா?

எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். 2020 ஜனவரியில் ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், அந்த ஆண்டு உலகப் பொருளாதாரம் 3.3 விழுக்காடு வளரும் என்றது. கொரோனா வந்து சுமார் 3 விழுக்காடு சுருங்கியது. அவர்கள் கதையே அப்படி என்றால் கோப்பிக் கடை ஜோசியத்தை என்ன சொல்ல.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு கண்டெய்னருக்கு 20,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் டாலர் கிட்டத்தட்ட 4.80 வெள்ளி (ரிங்கிட்), 1998 நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு இறங்கியதே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை அரை விழுக்காடு குறைத்தது, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 3 விழுக்காட்டிலேயே நின்றது, மாதக் கடைசியில் டாலர் 4.12-க்கு வந்துவிட்டது. முதலில் 96,000 வெள்ளி, பிறகு 82,400. சரக்கு அதேதான், ஏழு மாதத்தில் 13,600 வெள்ளி வித்தியாசம். பிப்ரவரியில் பயந்துபோய் ஆண்டு முழுவதற்கும் டாலர் வாங்கிப் போட்டவர் செப்டம்பரில் தலையில் கை வைத்திருப்பார்.

அதனால் மொத்தமாக வாங்காதீர்கள். எந்த ரேட்டில் உங்கள் லாபம் பூஜ்யமாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த ரேட் இப்போதைய ரேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்கு உறுதியான ஆர்டரில் பாதிக்கு மட்டும் பேங்கில் ஃபார்வர்ட் (பின்னால் எடுக்கும் டாலருக்கு இன்றே ரேட் பேசி வைப்பது) போட்டு ரேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். டாலர் இறங்கினாலும் பேசிய ரேட்டில்தான் எடுத்தாக வேண்டும், அதற்காகத்தான் பாதி என்கிறேன்.

ஆனால் உங்களுக்கு டாலரைவிடப் பெரிய தலைவலி வெங்காயம். 2023 ஆகஸ்டில் இந்தியா ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது, டிசம்பரில் அடியோடு தடை. நாடாளுமன்றத் தேர்தல் வரப்போகிறது, ஊரில் விலை ஏறக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். பிறகு 2024 மே மாதம், ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, தடையை எடுத்தார்கள்: டன்னுக்கு 550 டாலருக்குக் குறைத்து ஏற்றுமதி செய்யக்கூடாது, கூடவே அதே 40 விழுக்காடு வரி. ஏன் அப்போது? மகாராஷ்டிராவின் வெங்காய விவசாயி கொதித்துப் போயிருந்தார், அவருக்கும் ஓட்டு இருக்கிறதே. செப்டம்பரில், மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, அந்த 550 டாலர் விலையை நீக்கி வரியைப் பாதியாக்கினார்கள். முழு வரியும் போனது 2025 ஏப்ரலில்தான். இதைப் பொருளாதார அறிக்கையில் தேடினால் கிடைக்காது. வாங்கித் தின்பவன் ஓட்டா, விளைவிப்பவன் ஓட்டா, அந்த மாதத்தில் எது கனமானது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். எனவே இந்தியத் தேர்தல் தேதிகளைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள், பாகிஸ்தான், சீனா, ஹாலந்து சரக்கு கொடுப்பவர் ஒருவரையாவது இப்போதே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்துக்கு இது உதவாது, அது தனிக் கதை.

அப்புறம் டிரம்ப் வரி. மலேசியச் சரக்குக்கு அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரி 2025-இல் ஏப்ரலில் 24, ஜூலையில் 25, ஆகஸ்டில் 19 விழுக்காடு என்று மாறிக்கொண்டே இருந்தது. இது உங்கள் சரக்கைத் தொடாது, உங்களிடம் வாங்குபவரைத் தொடும். அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்யும் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஆட்கள் சனிக்கிழமை கடைக்கு வரும்போது ஓவர்டைம் எப்படிப் போகிறது என்று சும்மா பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மாதமாக இல்லை என்று நாலு பேர் சொன்னால் தீபாவளிக்கு இறக்கும் மூட்டையைக் குறைத்துவிடுங்கள்.